பொங்கல் விடுமுறைக்கு வரும் உறவினர்களுக்குப் பெங்களூரில் எதைக் காட்டலாம்? இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: தாமிரபரணி, ஒயிட்ஃபீல்டு

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த நான், வேலையின் பொருட்டுக் கணவருடனும் மகனுடனும் சில ஆண்டுகளாக ஒயிட்ஃபீல்டில் வசித்து வருகிறேன். வரும் பொங்கல் விடுமுறைக்கு என் அப்பா, அக்கா, அத்தான், அவர்களுடைய மகள் ஆகிய நால்வரும் முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து நாள்கள் தங்கப்போகிறார்கள். அப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எழுபது வயதைக் கடந்தவர். சமதளத்தில் மெதுவாக நெடுந்தொலைவு நடப்பார். ஆனால் முழங்கால் வலியால் படி ஏறுவது அவருக்குக் கடினம். அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மரம், செடி, பறவை என்று எதைக் கண்டாலும் உட்கார்ந்து வரையத் தொடங்கிவிடுவாள்.

அவர்களை எங்கே அழைத்துச் செல்லலாம் என்று அலுவலகத்தில் கேட்டேன். பெரும்பாலோர் ஒரே விடையைத்தான் சொன்னார்கள்: பெங்களூரில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, ஒரு நாள் நந்தி மலை, இரண்டு நாள் மைசூர், எஞ்சிய நாள்களில் ஏதாவது ஒரு பெரிய வணிக வளாகம் என்று முடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் அனைவரும் என்னைப் போலவே வெளியூரிலிருந்து வேலைக்காக வந்தவர்கள். வீடு, அலுவலகம், மகனின் பள்ளி ஆகிய மூன்றுக்கும் இடையே வாழ்கின்ற எனக்கும் இந்த நகரத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை.

தலைமுறை தலைமுறையாக இங்கே வாழும் தமிழர்கள் இந்தக் குழுவில் பலர் இருக்கிறீர்கள் என்பதால் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் ஊரை விடுமுறைக்கு ஏற்ற ஊர் என்று நீங்கள் மனதாரச் சொல்வீர்களா? உங்கள் வீட்டுக்கு நெல்லையிலிருந்தோ மதுரையிலிருந்தோ உறவினர் வந்தால், அவர்களை எங்கே அழைத்துச் செல்வீர்கள்? போக்குவரத்து நெரிசலை நினைத்தாலே தயக்கமாக இருப்பதால், அதற்கும் ஒரு வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: அல்சூர்வாசி

வணக்கம் அம்மா. எங்கள் குடும்பம் அல்சூரில் நான்கு தலைமுறையாக இருக்கிறது. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். உங்கள் முதல் கேள்விக்கு, ஆம், இது விடுமுறைக்கு ஏற்ற ஊர்தான் என்று மனதாரச் சொல்வேன். மைசூரில் அரண்மனை இருப்பதைப் போல, வந்தவுடன் கண்ணை நிறைக்கும் ஒரு பெரிய காட்சி இங்கே இல்லை என்பது உண்மை. அப்படி ஒன்றைத் தேடி வருபவர்கள்தாம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார்கள். பெங்களூரைப் பகுதி பகுதியாக, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு, காலையில் நடந்து பார்க்க வேண்டும். உங்கள் ஐந்து நாள்களில் நான்கையாவது நகரத்துக்குள்ளேயே செலவிடுங்கள் என்பதுதான் என் யோசனை.

அதற்குக் காரணம் இந்த நகரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 1537இல் கெம்பே கவுடர் மண்கோட்டை கட்டி அதற்குள் அமைத்த பேட்டை ஒரு நகரம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மலேரியாவால் அவதியுற்ற ஆங்கிலேயப் படை 1809இல் இங்கே வந்து அமைத்த கண்டோன்மென்ட், அதாவது நம் முன்னோர் தண்டு என்று அழைத்த பகுதி, மற்றொரு நகரம். இரண்டுக்கும் தனித்தனி நகராட்சி, தனித்தனிச் சந்தை, தனித்தனி வழக்கம் என்று இருந்து, 1949இல்தான் இரண்டும் ஒரே மாநகராட்சியாக இணைந்தன. நடுவில் 1870இல் உருவான கப்பன் பூங்கா இன்றும் இருக்கிறது. சென்னைப் படைப்பிரிவுகளில் இருந்த சிப்பாய்கள், அவர்களுக்குப் பொருள் விற்ற வணிகர்கள், கட்டட வேலை செய்தவர்கள் என்று தண்டுப் பக்கம் வந்து சேர்ந்தவர்களில் பெரும்பங்கினர் தமிழர்கள். சிவாஜி நகரிலும் அல்சூரிலும் இன்று நீங்கள் கேட்கும் தமிழ், தகவல் தொழில்நுட்பம் வருவதற்கு நூறாண்டுகளுக்கு மேலாகவே இங்கே பேசப்பட்டு வருகிறது.

ஆகவே, முதல் நாளைத் தண்டுப் பக்கத்துக்கு ஒதுக்குங்கள். ஒயிட்ஃபீல்டிலிருந்து ஊதா வழித்தட மெட்ரோவில் ஏறினால் நேராக அல்சூர் நிலையத்தில் இறங்கலாம்; காரை வெளியே எடுக்கவே வேண்டாம். காலை எட்டு மணிக்குள் சோமேஸ்வரர் கோயிலுக்குச் சென்றுவிட்டால் கூட்டம் இருக்காது. வெளிச்சுவரில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும் சிற்பங்களையும், ராவணன் கயிலையைத் தூக்கும் காட்சியையும் உங்கள் அக்கா மகள் நின்று வரையலாம். அங்கிருந்து அல்சூர் ஏரிப் பக்கம் வந்தால் திருவள்ளுவர் சிலையைப் பார்க்கலாம்.

அந்தச் சிலையை உங்கள் அப்பா அவசியம் பார்க்க வேண்டும். 1991இல் நிறுவப்பட்ட அது, காவிரிப் பிணக்கின் காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. நான் பள்ளிக்குச் செல்லும் வழியில் துணியால் சுற்றப்பட்ட அந்த உருவத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். 2009 ஆகஸ்ட் 9 அன்று முதல்வர் எடியூரப்பா முன்னிலையில் கலைஞர் கருணாநிதி அதைத் திறந்துவைத்தார். நான்கு நாள்கள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. அன்று ஏரிக்கரையில் கூடியிருந்த முதியவர்கள் பலர் கண்ணீர் விட்டார்கள். இந்த ஊரில் தமிழர் வாழ்ந்த வாழ்க்கையின் அச்சமும் நிம்மதியும் அந்த ஒரே இடத்தில் இருக்கின்றன என்று நான் நினைக்கிறேன். உங்கள் உறவினர் வருவது தை பிறக்கும் நேரம் என்பதால், திருவள்ளுவர் நாளன்று அங்கே சென்றால் மாலை அணிவிக்க வரும் தமிழர்களையும் சந்திக்கலாம். பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் நடந்து செல்லும் தொலைவில்தான் உள்ளன.

தமிழாசிரியர் வருகிறார் என்று எழுதியிருப்பதால் இன்னும் ஒன்று சொல்கிறேன். இந்திரா நகர் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் சற்றுத் தொலைவு சென்றால் தொம்லூரில் சொக்கநாத சுவாமி கோயில் இருக்கிறது. மதுரையில் சொக்கநாதர் என்றால் சிவன். இங்கே சொக்கப்பெருமாள் என்ற பெயரில் திருமால் நிற்கிறார். போசளர் காலமான 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் அந்தக் கோயிலில் உள்ளன. மடிவாளா சோமேஸ்வரர் கோயிலின் சுவரிலும் தமிழ் எழுத்துகளைக் காணலாம்; 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, வெங்களூர்ப் பெரிய ஏரியின் கீழ் இருந்த நிலத்தைத் தானமாகக் கொடுத்த செய்தியைச் சொல்கிறது. கெம்பே கவுடர் கோட்டை கட்டுவதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இங்கே ஊரும் ஏரியும் வயலும் இருந்தன என்பதை அந்தச் சுவரில் விரலை வைத்துக் காட்டலாம். அந்த வரிகளை உங்கள் அப்பா தம் பேத்திக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினால், அதற்கு ஈடான விடுமுறை வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

சிவாஜி நகரில் 1927இல் கட்டப்பட்ட ரசல் மார்க்கெட்டையும், அதன் எதிரே உள்ள தூய மரியன்னை பேராலயத்தையும் பிற்பகலில் பாருங்கள். செப்டம்பர் 8 திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்து வரும் கூட்டத்தைக் காண அந்த நாளில் வர வேண்டும்; ஜனவரியில் ஆலயம் அமைதியாக இருக்கும், தமிழில் திருப்பலியும் நடக்கும்.

நெரிசலைப் பற்றி: இந்த ஊரில் தொலைவைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள். மெட்ரோ செல்லும் இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரே நாளில் நகரத்தின் இரு மூலைகளுக்குச் செல்லும் திட்டத்தைக் கைவிடுங்கள். மாலை ஐந்து மணிக்குள் வீடு திரும்பும் வண்டியில் ஏறிவிடுங்கள். இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் உங்கள் உறவினருக்கு நெரிசல் என்ற ஒன்று இருப்பதே பெரிதாகத் தெரியாது. ஒயிட்ஃபீல்டிலிருந்து காரில் பசவனகுடிக்கும், அங்கிருந்து நந்தி மலைக்கும் என்று ஒரே நாளில் சுற்றுபவர்கள்தாம் சாலையிலேயே விடுமுறையைக் கழிக்கிறார்கள்.

பதில்: காந்தி பஜார்

சகோதரி, அல்சூர் ஐயா தண்டுப் பக்கத்தை விரிவாகச் சொல்லிவிட்டார். நான் பேட்டைப் பக்கத்தையும் பசவனகுடியையும் சொல்கிறேன். நான் பிறந்தது இங்கே. என் தாத்தா கும்பகோணத்திலிருந்து வந்து ஆசிரியர் வேலையில் சேர்ந்தவர்.

உங்கள் அக்கா மகளுக்காகவே ஒரு முழு நாளை லால்பாக்கில் செலவிடுங்கள். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் அது. கண்ணாடி மாளிகை 1889இல் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு இருமுறை நடக்கும் மலர்க் கண்காட்சியில் ஒன்று வழக்கமாக ஜனவரி நடுவில் தொடங்கிக் குடியரசு நாளையொட்டி நிறைவடையும். கண்காட்சி நாள்களில் கூட்டம் மிகுதி என்பதால், காலையில் வாயில் திறந்தவுடன் உள்ளே சென்று மலர் அலங்காரங்களை முதலில் பார்த்துவிட்டு, பிறகு மரங்களின் பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். என்னைக் கேட்டால் மலர் அலங்காரத்தைவிட மரங்கள்தாம் முதன்மையானவை. பல நாடுகளிலிருந்து கொண்டுவந்து நட்ட மரங்கள் பெயர்ப்பலகையுடன் நிற்கின்றன. வேர்கள் சுவரைப் போல எழுந்து நிற்கும் முதிய இலவ மரத்தின் அருகே பெரியவர்களே சிறுபிள்ளைகளாகிவிடுவார்கள். ஏரிக்கரையில் காலையில் நீர்க்காகமும் நாரையும் வரும்.

லால்பாக்கின் நடுவே உள்ள பாறைக் குன்றைப் பலர் கெம்பே கவுடர் கோபுரத்துக்காக மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். அந்தப் பாறையே ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் பழமையானது. தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தென்னிந்தியத் தீபகற்பத்தின் அடித்தளப் பாறை வெளியே தெரியும் இடங்களில் அதுவும் ஒன்று. உங்கள் அப்பா சரிவில் ஏற வேண்டாம். அடிவாரத்தில் நின்று கையால் தொட்டாலே போதும்.

பெங்களூரின் மரங்களைப் பற்றி வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். லால்பாக்கின் பொறுப்பை ஏற்றிருந்த ஜெர்மானியர் கிரும்பீகல், ஒரு வகை மரம் பூத்து ஓயும்போது அடுத்த வகை பூக்கத் தொடங்கும்படி, ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு தெரு பூத்திருக்குமாறு மரங்களைத் தேர்ந்தெடுத்து நட வழிவகுத்தார். பிறகு 1980களில் வனத்துறை அதிகாரி நெகினஹால் நகரம் முழுவதும் ஏறத்தாழ 15 லட்சம் மரக்கன்றுகளை நடச் செய்தார். தை மாதத்தில் இளஞ்சிவப்பு தபெபூயா தொடங்கும். பங்குனியில் ஜகராண்டா நீலமாக விரியும். சித்திரையில் மயிற்கொன்றை சிவக்கும். ஜனவரியில் கப்பன் பூங்காவைச் சுற்றி நடந்தால், இலை உதிர்ந்த கிளையில் பூ மட்டும் நிற்கும் மரங்களைப் பார்க்கலாம். இவற்றுக்கு நுழைவுச் சீட்டு எதுவும் இல்லை. எந்தப் பட்டியலிலும் இல்லாததால்தான் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்ற பேச்சு நிலைத்துவிட்டது. சாலையை அகலப்படுத்துவதற்காக இந்த மரங்களை வெட்டுவதும் தொடர்ந்து நடக்கிறது. இருக்கும்போதே அந்தப் பெண் வரைந்துகொள்ளட்டும்.

அடுத்து, பொங்கல் நாளை இங்கே சங்கராந்தியாகக் கொண்டாடுவதை அவர்கள் பார்க்க வேண்டும். எள், வெல்லம், கொப்பரை, நிலக்கடலை, பொட்டுக்கடலை ஆகியவற்றைக் கலந்த எள்ளு பெல்லாவையும், சர்க்கரை அச்சுகளையும், கரும்புத் துண்டையும் தட்டில் வைத்துப் பெண்பிள்ளைகள் புதுப்பாவாடை உடுத்தி வீடு வீடாகக் கொண்டு கொடுப்பார்கள். காந்தி பஜார் தெருவில் அதற்கு முந்தின இரண்டு நாள்களும் கரும்பும் அவரைக்காயும் மலையாகக் குவிந்திருக்கும். உங்கள் குடியிருப்பில் கன்னடக் குடும்பங்கள் இருந்தால், நீங்கள் சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்து எள்ளு பெல்லாவை வாங்கிக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்து நட்பு அப்படித்தான் தொடங்கும்.

சாப்பாட்டைப் பற்றி நிறைய எழுத ஆசை இருந்தாலும் பருவத்துக்கு உரியதை மட்டும் சொல்கிறேன். ஜனவரி அவரைக்காய்க் காலம். தோல் உரித்த அவரைப் பருப்பில் வைக்கும் சாறு, அவரைக்காய் உப்புமா, அரிசி மாவில் தட்டும் அக்கி ரொட்டி ஆகிய மூன்றும் இந்த மாதங்களில் சாப்பிட வேண்டியவை. 1943 முதல் காந்தி பஜாரில் இருக்கும் வித்யார்த்தி பவனில் மசால் தோசைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள். 1924இல் தொடங்கிய எம்.டி.ஆர். லால்பாக்குக்கு அருகிலேயே இருப்பதால் அன்றைய காலை உணவை அங்கே முடித்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி கிடைக்காமல் ரவையைக் கொண்டு இட்லி வார்த்தவர்கள் அவர்கள். நம் ஊர் சாம்பாரில் பழகிய நாக்குக்கு இங்குள்ள சாம்பாரின் இனிப்பு முதலில் ஒட்டாது. சட்னியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடச் சொல்லுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். அல்சூரில் தமிழ் எடுபடும். ஆனால் பசவனகுடியிலும் பேட்டையிலும் கடைக்காரரிடம் பேச்சைக் கன்னடத்தில் தொடங்கச் சொல்லுங்கள். நமஸ்காரா (வணக்கம்), எஷ்டு (எவ்வளவு), சாக்கு (போதும்), தன்யவாத (நன்றி) என்ற நான்கு சொற்கள் போதும். விருந்தினர் தம் மொழியில் ஒரு சொல் பேசினாலே இங்குள்ளவர்களின் முகம் மலர்ந்துவிடும். பதிலைப் பெரும்பாலும் அவர்களே தமிழில் சொல்லிவிடுவார்கள்.

பதில்: தங்கவயல் மகன்

நான் கோலார் தங்கவயலில் பிறந்து, இப்போது கிருஷ்ணராஜபுரத்தில் வசிப்பவன். நகரத்துக்கு வெளியே ஒரு நாள் என்றால் எல்லோரும் நந்தி மலையைச் சொல்கிறார்கள். 1478 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்துக்கு மேலே சூரியன் எழுவது நல்ல காட்சி என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பொங்கல் விடுமுறையில், விடியலுக்கு முன்பே அடிவாரத்தில் தொடங்கும் வண்டி வரிசையில் எழுபது வயதுப் பெரியவரை உட்கார வைப்பது சரியன்று. நந்திப் பக்கமே செல்ல விரும்பினால், மலைக்குச் செல்லாமல் அடிவாரத்து ஊரில் உள்ள போகநந்தீஸ்வரர் கோயிலுக்கு மட்டும் செல்லுங்கள். 9ஆம் நூற்றாண்டில் தொடங்கி நுளம்பர், சோழர், போசளர், விஜயநகரத்தார் என்று ஒவ்வொருவரும் சேர்த்துக் கட்டிய கோயில் அது; சமதளத்தில் இருப்பதால் உங்கள் அப்பாவுக்கு ஏற்றது. கல்யாண மண்டபத் தூண்களும் பெரிய படித்துறைக் குளமும் அந்தப் பெண்ணின் வரைபலகையைப் பாதி நாள் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நானாக இருந்தால் கோலாருக்கு அழைத்துச் செல்வேன். ஒயிட்ஃபீல்டு நகரத்தின் கிழக்குக் கோடியில் இருப்பதால், பழைய மதராஸ் சாலையில் ஏறிவிட்டால் நகரத்து நெரிசலுக்குள் நுழையாமலேயே சென்று வரலாம். அங்கே கோலாரம்மன் கோயிலில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் சுவரெங்கும் உள்ளன. முதலாம் ராசேந்திர சோழனின் போர்க் காட்சி என்று சொல்லப்படும் சிற்பப் பலகையும் உண்டு. அருகிலேயே விஜயநகரக் காலத்துச் சோமேஸ்வரர் கோயிலும் இருக்கிறது. இரண்டிலும் படிகள் அதிகம் இல்லை.

நேரம் இருந்தால் இன்னும் சற்றுத் தொலைவு சென்று எங்கள் தங்கவயலையும் பார்க்கலாம். இதைச் சுற்றுலாவாக நான் விற்கவில்லை. சுரங்கத்துக்குள் இறங்கவும் முடியாது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கிய வேலைக்கு வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து வந்த தமிழர்கள் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் இறங்கித் தங்கம் எடுத்தார்கள். சிவனசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் முதலில் வந்து சேர்ந்தது எங்கள் சுரங்கத்துக்குத்தான்; பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பின்னர் 1905இல். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. இன்று அங்கே இருப்பவை வெண்மண் மேடுகள், துருப்பிடித்த சுரங்கக் கோபுரங்கள், ஒற்றை அறை வீடுகள் கொண்ட தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள், அதிகாலை இரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்பும் மக்கள். வருபவர்கள் வீடுகளைப் படம் எடுப்பதற்கு முன்பு அங்குள்ளவர்களிடம் கேட்க வேண்டும். அந்த மக்கள் தமிழ் கேட்டால் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்துப் பேசுவார்கள். உங்கள் அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கும் என்று நம்புகிறேன்.

கேள்வி கேட்டவர்: தாமிரபரணி

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. வெங்களூர்ப் பெரிய ஏரிக் கல்வெட்டைப் பற்றித் தொலைபேசியில் சொன்னவுடன், படி எடுப்பதற்கு அனுமதி உண்டா என்று அப்பா கேட்கத் தொடங்கிவிட்டார். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. கவி கங்காதரேஸ்வரர் குகைக் கோயிலில் சங்கராந்தி மாலையில் சூரிய ஒளி லிங்கத்தின் மேல் விழும் என்று அக்கா எங்கோ படித்திருக்கிறாள். அன்றைக்கே அங்கே செல்ல வேண்டும் என்கிறாள். அப்பாவையும் அழைத்துச் செல்ல முடியுமா? மேலும், பேட்டைப் பகுதியைப் பார்க்கச் சரியான நேரம் எது?

பதில்: காந்தி பஜார்

சங்கராந்தி மாலையில் அப்பாவை அங்கே அழைத்துச் செல்ல வேண்டாம் சகோதரி. நந்தியின் கொம்புகளுக்கு இடையே புகுந்து வரும் கதிர் சில நிமிடங்கள் மட்டுமே லிங்கத்தின் மேல் நிற்கும். மேகம் மறைத்தால் அதுவும் இல்லை. குகை தாழ்வானது, சுற்றுப் பாதையில் குனிந்துதான் செல்ல வேண்டும். அன்று தெரு முழுவதும் கூட்டமாக இருக்கும். கன்னடத் தொலைக்காட்சிகளில் நேரலையாகக் காட்டுவார்கள். வீட்டில் அமர்ந்து அனைவரும் பார்க்கலாம். பொங்கல் கழிந்த ஒரு காலையில் சென்றால், முற்றத்தில் ஒரே கல்லில் செதுக்கிய சூரிய, சந்திர வட்டங்களை அருகில் நின்று பார்க்க முடியும். குகைக்குள் செல்லாமல் அப்பா முற்றத்திலேயே அமர்ந்திருக்கலாம்.

பேட்டைக்கு விடியற்காலைதான் சரியான நேரம். மெஜஸ்டிக் நிலையத்தில் பச்சை வழித்தடத்துக்கு மாறிக் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டில் இறங்குங்கள். ஏழரை மணிக்குள் சென்றால் சாமந்தியும் ரோஜாவும் மல்லிகையும் மூட்டை மூட்டையாக இறங்கும் பூச்சந்தையைப் பார்க்கலாம். தரை ஈரமாக இருக்கும் என்பதால் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அருகில் 1791இல் கட்டி முடிக்கப்பட்ட திப்புவின் கோடை அரண்மனை. அதன் தேக்குத் தூண்கள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. பத்து மணிக்கு மேல் கடைத்தெருக்களில் சுமைவண்டிகள் நிறைந்துவிடும். அதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். பேட்டையின் உயிரை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால், சித்திரைப் பௌர்ணமி இரவில் தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படும்போது உறவினரை இன்னொரு முறை வரச் சொல்லுங்கள். திகளர் சமூகத்தார் எடுக்கும் அந்தக் கரகம் வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் சென்றுதான் திரும்பும்.

பதில்: அல்சூர்வாசி

கல்வெட்டைப் படி எடுப்பதற்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும் அம்மா. கோயில் நிருவாகத்தாரிடம் கேட்டுப் படம் எடுத்துக்கொள்வது எளிது. சுவரில் வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் எழுத்துகள் தெளிவாகத் தெரியும். எண்ணெயோ மாவோ பூச வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

நாள்களை இப்படி வைத்துக்கொள்ளலாம். வந்த மறுநாள் அல்சூரும் தொம்லூரும். பொங்கலன்று வீட்டிலேயே இருந்து, மாலையில் அக்கம்பக்கத்தார். அடுத்த நாள் அதிகாலைப் பூச்சந்தையும் அதே பச்சை வழித்தடத்தில் லால்பாக்கும். அதற்கு அடுத்த நாள் காரில் கோலார். புறப்படும் நாளன்று காலையில் கப்பன் பூங்கா மட்டும் போதும். மடிவாளாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்லுங்கள்; வேலை நாளில் சில்க் போர்டு சந்திப்பின் பக்கம் போகவே வேண்டாம். இரவில் குளிர் 15 பாகை வரை இறங்கும் என்பதால் அப்பாவுக்குக் கம்பளிச் சட்டையும் காதுக்கு மஃப்ளரும் கொண்டுவரச் சொல்லுங்கள். நெல்லையிலிருந்து வருபவர்கள் அதை எதிர்பார்ப்பதில்லை. பொங்கலுக்கு மறுநாளான திருவள்ளுவர் நாளன்று, லால்பாக்கிலிருந்து திரும்பும் வழியில் ஏரிக்கரைக்கும் வாருங்கள்; நானும் அங்கே இருப்பேன். உங்கள் அப்பாவைச் சந்திப்பதில் எனக்கு மகிழ்ச்சி.